அறுத்த மீனும் அற்ற மீனும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் ஏறிக் கொல்லிமலை மேலே வருகிறவன் வயிற்றில் காலைச் சிற்றுண்டி மிஞ்சியிருந்தால் அவன் பாக்கியசாலி. எனக்கு மிஞ்சவில்லை. வளப்பூர்நாட்டு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வெறும் வயிற்றோடு போய்ச் சேர்ந்தேன். பக்திக்கு உகந்த நிலைதான்.

கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. அதில் மீன்கள். பிடிக்க ஆளில்லை, பொரி போட ஆளுண்டு. காரணம் ஒரு பழைய கதை. யாரோ சிலர் இந்த ஆற்றில் மீன் பிடித்தார்களாம். அறுத்தார்கள், உப்பும் புளியும் கூட்டிக் கொதிக்க வைத்தார்கள். பரிமாறப் போகும் நேரத்தில் துண்டுகள் ஒன்றையொன்று தேடிப் பொருந்தி, முழு மீனாகி, சட்டியிலிருந்து துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டன. அன்றிலிருந்து சுவாமிக்கு அறுத்த மீனைப் பொருத்தியவர் என்று பெயர். குழம்புச் சட்டியிலிருந்து திரும்பிய மீனுக்கு ஆற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்று மட்டும் தலபுராணம் சொல்லவில்லை. எனக்கு அந்த விவரம்தான் வேண்டியிருந்தது.

அம்பலவாணக் கவிராயர் இந்தச் சாமியை விளித்து அறப்பளீசுர சதகம் என்று நூறு பாட்டுப் பாடியிருக்கிறார். எப்படி வாழ வேண்டும், யாரோடு சேரக் கூடாது, எது நல்லது, எது கெட்டது என்று நூறு பாட்டு. நாட்டில் ஒருவரும் அதன்படி நடந்ததாகத் தெரியவில்லை. மீன் கதையை மட்டும் மீன்வளம், மின்சாரம், பாசனம், சுற்றுலா என்று அத்தனை துறைகளும் எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்டன. அறு, ஆண்டவன் ஒட்டிக் கொடுப்பான். இந்த நாட்டின் நீர்க் கொள்கைக்கு முகவுரை இதுதான். மற்றதெல்லாம் பின்னிணைப்பு.

ஆண்டவன் ஒட்டாமல் விட்ட மீன் ஒன்றைச் சொல்கிறேன். அது நம் ஊர் மீன் இல்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் சுற்றி உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியில் இருந்தது. உலகத்தில் வேறெந்த ஏரியிலும் இருந்ததில்லை. சால்மன் குடும்பத்து வெண்மீன்களில் ஒரு வகை. உள்ளூர்ப் பெயர் கில்ஷ். தமிழில் வெண்மீன் என்றால் சுக்கிரன். பாவம், பெயரில் சுக்கிரன் இருந்தும் இதற்குச் சுக்கிர திசை அடிக்கவே இல்லை.

ஏரியின் ஆழம் 251 மீட்டர். மற்ற வெண்மீன்கள் மேல்நீரிலும் கரையோரத்திலும் திரிய, கில்ஷ் மட்டும் கீழே, வெயில் எட்டாத இருட்டில், குளிர்ந்த சேற்றுக்கு மேலே தன்பாட்டுக்குக் கிடந்தது. முட்டையும் அங்கேதான் இட்டது. வலையில் சிக்கி மேலே வரும்போது அழுத்தம் குறைந்து உள்ளிருக்கும் காற்றுப்பை உப்பும், தொண்டைப் பக்கம் கழலை வந்ததுபோல் வீங்கும். 1818இல் க்மெலின் என்பவர் இந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் 'கழுத்து வீங்கி' என்று பொருள்படும்படி அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். யோசித்துப் பாருங்கள். அது வாழ்ந்த கோலத்தை யாரும் பார்க்கவில்லை, செத்துக்கொண்டிருந்த கோலமே பெயராகிவிட்டது.

கில்ஷை யாரும் கொல்ல நினைக்கவில்லை. அதற்கு எதிராகச் சட்டமில்லை, சதியில்லை, விஷம்கூட இல்லை. கரையைச் சுற்றி இருந்த நல்ல மனிதர்கள் துணி வெளுத்தார்கள், வயலுக்கு உரம் போட்டார்கள், கழிப்பறைக்குப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சலவைத்தூளில் பாஸ்பேட் வந்தது. சட்டை பளபளத்தது, சாக்கடை ஏரிக்குப் போனது. பாஸ்பரஸ் பாசிக்கு விருந்து. பாசி பெருத்தது, செத்தது, அடியில் போய் அழுகியது, அழுகும்போது அடிநீரின் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்தது. கீழே கிடந்த முட்டைகள் மூச்சு முட்டிச் செத்தன. ஏரியைப் பட்டினி போட்டுக் கொல்லவில்லை, தின்னக் கொடுத்தே கொன்றார்கள்.

1979 வாக்கில் ஏரி நீரில் ஒரு கனமீட்டருக்குப் பாஸ்பரஸ் 87 மில்லிகிராம் வரை ஏறியது. பழைய அளவு பத்தையும் தொடாதது. அதற்குள் கில்ஷின் கதை முடிந்திருந்தது. 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் கண்டதில்லை. 2008இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிந்த இனங்களின் பட்டியலில் சேர்த்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் இறப்புச் சான்றிதழுக்காக அலைந்த மீன். நம்மூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இதைவிட வேகமாகக் கிடைத்திருக்குமா என்று நான் கேட்க மாட்டேன்.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லிவிட்டுப் பொரியைக் கொறிக்கலாம் என்று பார்த்தால், அவன் அடுத்துச் செய்த காரியம் தொண்டையில் சிக்குகிறது. மூன்று நாடுகளும் 1959லேயே ஏரிக்கென்று கூட்டு ஆணையம் அமைத்தன. சாக்கடையைச் சுத்திகரிக்க மட்டும் நானூறு கோடி யூரோவுக்கு மேல் கொட்டின. பாஸ்பரஸ் பழைய அளவுக்கே இறங்கியது. இன்று சுமார் நாற்பது லட்சம் பேர் அந்த ஏரியைக் குடிக்கிறார்கள். கில்ஷ் மட்டும் திரும்பவில்லை. அத்தனை கோடியும் பசையாகிப் பார்த்தன, மீன் ஒட்டவில்லை.

அங்கேயும் ஓர் அறப்பளீஸ்வரர் இருக்கிறாரோ என்று ஐயப்பட வைக்கும் செய்திகளும் உண்டு. அதே ஏரியில், அதே ஆழத்தில் வாழ்ந்த ஆழ்நீர்ச் சார் என்ற இன்னொரு மீனையும் அழிந்தது என்றே எழுதி வைத்திருந்தார்கள். 2010களில் வலை போட்டுப் பார்த்தபோது அது சாவகாசமாக வந்து நின்றது. கில்ஷ் விஷயத்தில் கிடைத்தது வேறு. பழைய சேகரிப்புகளில் காய்ந்து கிடந்த அதன் செதில்களிலிருந்து மரபணுவைப் படித்து, 2022இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். ஏரி கெட்ட நாட்களில் மேல்நீர், கீழ்நீர் என்ற வேலிகள் உடைந்து, வேறு வேறாக இருந்த வெண்மீன்கள் ஒன்றோடொன்று கலந்தன. கில்ஷின் மரபுத் துண்டுகள் அதன் பங்காளிகளின் உடம்புக்குள் இன்றும் நீந்துகின்றன. துண்டுகள் இருக்கின்றன, மீன் இல்லை.

இந்தச் செய்தி நம் அதிகாரி ஒருவர் கையில் கிடைத்தால் குறிப்பு எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியும். 'மேற்படி மீன் இதர மீன்களில் இருப்பில் உள்ளது. மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படலாம்.'

இருப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் அரசுத் தமிழில் மீன்குஞ்சு விடுவதற்கு 'இருப்பு செய்தல்' என்று பெயர். ஏரியில் இத்தனை ஆயிரம் குஞ்சுகள் இருப்பு செய்யப்பட்டன, அணையில் இத்தனை லட்சம் இருப்பு செய்யப்பட்டன. பிளாஸ்டிக் வாளியை ஒருவர் சாய்க்க, பன்னிரண்டு பேர் அந்த வாளியைத் தொட்டுக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படத்தை நீங்கள் எல்லா நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். வாளியிலிருந்து விழுகிறவை கட்லா, ரோகு, மிர்கால். கங்கைக் கரை மீன்கள். அவை விழுகிற தண்ணீரில் ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த கருமுழிக் கெண்டைக்கும் ஆரலுக்கும் உளுவைக்கும் என்ன ஆயிற்று என்று கேட்க அந்தப் படத்தில் இடமில்லை, பன்னிரண்டு பேர் நிற்கிறார்களே. இருப்புக்குப் பதிவேடு உண்டு. இறப்புக்குக் கிடையாது.

வாளியின் வரலாறு நீளமானது. 1928இல் கொசுவைத் தின்னும் என்று கம்பூசியாவைக் கொண்டு வந்தோம். கொசு இன்றும் நலம். கம்பூசியா மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று வயிறு வளர்த்தது. 1939இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை ஊட்டிக்கு ஏறியது. 1952இல் அதே இலங்கை வழியாகத் திலேப்பியா மண்டபத்தில் இறங்கியது. ஏழே ஆண்டில், 1959இல், இதை மேற்கொண்டு பரப்பாதீர்கள் என்று மீன் ஆராய்ச்சிக் குழுவே தடை சொன்னது. திலேப்பியாவுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாததால் அது பரவிக்கொண்டே இருந்தது. குளம் குளமாகப் புகுந்து, ஜிலேபி என்று இனிப்பான பெயரும் வாங்கிக்கொண்டது. விரட்ட முடியாதவனை மாப்பிள்ளை ஆக்கிக்கொள்வது நம் வழக்கம்தானே? 2009இல் வழிகாட்டு நெறிமுறைகளோடு மேம்படுத்தப்பட்ட திலேப்பியாவை வளர்க்கலாம் என்றார்கள். அந்த ரகத்தின் பெயரே 'கிஃப்ட்'. நம் குளங்களுக்கு நாமே கொடுத்துக்கொண்ட அன்பளிப்பு.

ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் வேடிக்கை. 2000இலேயே மத்திய அரசு தடை செய்த மீன். வெள்ளம் வந்து பண்ணைக்குட்டை உடைந்தால் ஆற்றில் இறங்கி அகப்பட்டதையெல்லாம் விழுங்குகிற ராட்சசன். தடை செய்யப்பட்ட அந்த மீனை எங்கே பார்க்கலாம் என்று கேட்டால், கால் நூற்றாண்டு கழித்தும் சந்தைக்குப் போகச் சொல்கிறார்கள். அவ்வப்போது லாரியோடு பிடித்துக் குழியில் கொட்டிப் புதைக்கிறார்கள், அதற்கும் ஒரு படம். மறுநாள் சந்தையில் அது வால் ஆட்டுகிறது. அறுத்த மீன் பொருந்தும் என்பதற்குக் கலிகாலச் சான்று இந்த ஒன்றுதான். எது சாக வேண்டாமோ அது செத்துப்போகும், எது வேண்டாமோ அது துண்டு துண்டாக வெட்டினாலும் எழுந்து வரும்.

கோயில் படியில் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மனு எழுதத் தோன்றியது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. ஆகவே சம்பந்தப்பட்ட துறைத் தலைவருக்கே நேரடியாக எழுதினேன்.

பெறுநர்: அருள்மிகு அறப்பளீஸ்வரர், வளப்பூர்நாடு, கொல்லிமலை. பொருள்: மீன் பொருத்துதல், நிலுவைப் பணிகள் தொடர்பாக.

ஐயா, தங்களை நம்பி இந்நாட்டில் பல மீன்கள் அறுக்கப்பட்டுள்ளன. முதலில் காவிரியின் கூன்முதுகு மாசீர். தங்கள் ஐயாறு போய்ச் சேரும் அதே காவிரிதான், ஆகவே இது தங்கள் சரகத்துக்கு உட்பட்டது. ஆரஞ்சுத் துடுப்பும் திமில் போன்ற முதுகும் கொண்ட இந்த மீனைப் பற்றி எச்.எஸ். தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1873இலேயே தன் தூண்டில் புத்தகத்தில் எழுதினார். 1946இல் மைசூர்க்காரரான வான் இங்கன் கபினியில் 120 ராத்தல் எடையில் ஒன்றைப் பிடித்தார். ஓர் அரிசி மூட்டையையே தூண்டிலில் இழுத்த மாதிரி. உலகமெங்குமிருந்து தூண்டில்காரர்கள் இதைத் தேடி வந்தார்கள், கட்டிப்பிடித்துப் படமெடுத்துக்கொண்டார்கள். இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு அறிவியல் பெயர் என்ன என்று ஒருவரும் உட்கார்ந்து தீர்க்கவில்லை. 2007இல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ரெமா தேவி பெயரால் டோர் ரெமாதேவி என்று ஓர் இனம் விவரிக்கப்பட்டது. காவிரியின் ராட்சசனும் அதே இனம்தான் என்று உறுதியானது 2018இல். தாமஸ் எழுதி 145 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் என்ற பட்டியலிலும் ஏறியது. பெயர்சூட்டு விழாவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே ஆண்டில்.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அணை கட்டினார்கள், மணல் அள்ளினார்கள், வெடி வைத்துப் பிடித்தார்கள். அவையெல்லாம் வழக்கமான குற்றங்கள். வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. மாசீர் குறைகிறதே என்று இரக்கப்பட்டு, மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் பொரித்த வேறொரு மாசீர்க் குஞ்சுகளை, நீலத்துடுப்பு மாசீரை, 1970களிலிருந்து காவிரிக்குள் கொண்டுவந்து விட்டார்கள். நீலத்துடுப்பு பெருகியது. தூண்டிலில் நிறைய மாட்டியது. மாசீர் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் சத்தத்தில் கூன்முதுகு காணாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் நோயில் கிடக்கும்போது உறவுக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, 'தலை எண்ணிக்கை சரியாக இருக்கிறது' என்று சொன்னதுபோல. இன்று அது பெயர் சொல்லும்படி மிஞ்சியிருக்கும் இடம் மோயாறு. ஐயா, தாங்கள் பொருத்த நினைத்தாலும் இதன் துண்டுகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, மணிப்பூரின் பெங்பா. இது தங்கள் சரகம் இல்லை, ஓரியின் சரகம். கொல்லி மன்னன் வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டிவிட்டுக் கடைசியில் உடும்பில் போய் நின்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டி அவருக்கு அரசு விழா எடுக்கிறது. ஆனால் ஓரியின் வித்தையை முழுதாகக் கற்றது மின்துறை. 1983இல் 105 மெகாவாட் மின்சாரத்துக்காக லோக்தாக் ஏரியின் தண்ணீரை ஆண்டு முழுதும் உயர்த்தி நிறுத்த, மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் தடுப்பணை வந்தது. ஒரே அம்பு. மியான்மர்ப் பக்கத்து ஆறுகளிலிருந்து ஏரிக்கு ஏறி வந்துகொண்டிருந்த பெங்பா வர வழியில்லாமல் நின்றது. அந்த மீனை நம்பியிருந்த மீனவன் நின்றான். கரையோர நெல்வயல் மூழ்கியது. கோடையில் தரையிறங்கி ஊட்டம் எடுத்துக்கொள்ளும் மிதக்கும் புல்மேடுகள் தரை காணாமல் மெலிந்தன. அந்தப் புல்மேட்டை மட்டுமே வீடாகக் கொண்ட சங்காய் மானின் காலடி ஆட்டம் கண்டது. ஐந்தாயிற்று. மான்கூட இருக்கிறது, ஓரியே எழுந்துவந்து வில்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போவான். பெங்பா இப்போது பண்ணைக் குளத்தில் வளர்கிறது. அதோடு, மணிப்பூரின் மாநில மீனும் அதுதான். தமிழ்நாட்டில் செத்தவருக்குத் தெருப்பெயர் வைப்பார்கள், அங்கே மாநிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மேட்டூர் பழைய வழக்கு. 1934இல் அணை எழும்பியபின், கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் வருவது அற்றுப்போனது. காலாவதியான மனு என்று தள்ளிவிடுவீர்கள், நானே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, ஐயா, தங்கள் சொந்த வாசலுக்கு வருகிறேன். கொல்லிமலை ஓடைகளில் தடுப்பணைகள் கட்டி, தண்ணீரைத் திருப்பிக் கீழே புளியஞ்சோலைப் பக்கம் 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் தங்கள் பார்வைக்கு வந்திருக்கும். ஐயாறு வற்றிப்போகும், ஆகாய கங்கை அருவி பெயரில் மட்டும் விழும் என்று மலைமக்கள் எதிர்த்திருக்கிறார்கள். ஆகாய கங்கை விழவில்லை என்றால் சுற்றுலாப் பயணி முகம் சுளிப்பான், அதற்காவது யாராவது பயப்படலாம். தங்கள் மீனுக்காகப் பயப்பட ஆளில்லை. துண்டானாலும் பொருந்திக்கொள்ளும் என்று தங்கள் தலபுராணமே அவர்களுக்குத் தடையில்லாச் சான்று கொடுத்துவிட்டதே!

இப்படிக்கு என்று எழுதப் போனவன் நிமிர்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பை. நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"என்ன தம்பி, சாமிக்குக் கடுதாசியா?"

"ஆமாங்க ஐயா. மீனை ஒட்டித் தரச் சொல்லி."

சிரிக்கவில்லை அவர். ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒருவாட்டி அறுத்தாங்க, சாமி ஒட்டுச்சு. தெனம் அறுத்தா அது எத்தினிவாட்டி தம்பி ஒட்டும்?"

அவரிடம் மீனைப் பற்றிக் கேட்டேன், சாமையைப் பற்றிச் சொன்னார். மலையில் ஒரு காலத்தில் சாமை என்றால் ஒரு சாமை இல்லையாம். கட்டவெட்டிச் சாமை, திருகுலாச் சாமை, மல்லியச் சாமை என்று ஒவ்வொரு காட்டுக்கும், ஒவ்வொரு மழைக்கும் ஒன்று. சவ்வரிசி ஆலைக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக்காடுகள் சுருங்கின. "இப்பவும் கடையில சாமை கெடைக்குது," என்றார். "எந்தச் சாமைன்னு கேட்டா அவனுக்குத் தெரியல." நான் நாலு பக்கம் மனு எழுதிச் சொல்லவந்ததை அவர் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டார். கட்டிலில் உறவுக்காரரைப் படுக்க வைத்த கதை மலைக்கும் தெரிந்திருந்தது.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பேராசைக்காரன் மீதுகூட இவ்வளவு வராது. அவன் திருடுகிறான், திருட்டு என்று தெரிந்தே திருடுகிறான். 'மீன் என்றால் மீன்தானே, இது போனால் அது' என்று கணக்கெழுதுகிறவன் திருட்டுப் போனதையே பதிவேட்டிலிருந்து அழிக்கிறான். டன் கணக்கில் உற்பத்தி கூடியிருக்கிறது என்று அவன் காட்டும் புள்ளிவிவரம் பொய் இல்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. ஒரு நூலகத்தை எரித்துவிட்டு அதே எடைக்குப் பழைய செய்தித்தாள் வாங்கி அடுக்கி வைத்தாலும் கிலோ கணக்கு உண்மையாகத்தான் இருக்கும். ஒரு கிலோகூடக் குறையாது. அந்த அடுக்கின் முன்னால் நின்று பன்னிரண்டு பேர் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போக வேண்டும், அங்கே கதை முடியவில்லை. தண்ணீர் சுத்தமானதும் பாசி குறைந்தது, பாசி குறைந்ததும் மிச்சமிருந்த வெண்மீன்கள் மெலிந்தன, வலையில் விழுவது சரிந்தது. மீனவர்கள் ஏரிக்குள் கொஞ்சம் பாஸ்பேட்டை மறுபடி விடுங்கள் என்று கேட்டார்கள். கில்ஷைக் கொன்ற அதே பாஸ்பேட். நானூறு கோடி யூரோ கொடுத்து வெளியே எடுத்ததை மறுபடி உள்ளே ஊற்றச் சொல்லி. அரசுகள் மறுத்தன. ஸ்டிக்கிள்பேக் என்ற முள்முதுகு மீன்களும் அன்னியச் சிப்பிகளும் வேறு பெருகி, கடைசியில் 2024 தொடக்கத்திலிருந்து மூன்றாண்டுகளுக்கு வெண்மீன் பிடிக்கவே தடை. கேட்ட மீனவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ஏரி என்பது சட்டி இல்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மீன் இனமும் இரண்டு தலைமுறையும் நானூறு கோடியும் போதவில்லை அவர்களுக்கு. நமக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட இந்த மனுத்தாளில் இடம் இல்லை.

மனுவை மடித்து உண்டியலில் போட்டேன். ரசீது தரவில்லை.

கிளம்பும்போது பத்து ரூபாய்க்குப் பொரி வாங்கிக்கொண்டு ஆற்றோரம் இறங்கினேன். வேன் ஒன்றில் வந்து இறங்கிய குடும்பம் சற்று மேலே, நீரோட்டத்தில், குளித்துக்கொண்டிருந்தது. தலைக்கு ஷாம்பு, உடம்புக்குச் சோப்பு, பாட்டி ஒருத்தி பாறையில் வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்ட ஷாம்புப் பாக்கெட்டுகள் மினுங்கிக்கொண்டு மிதந்து வந்தன. பின்னாலேயே நுரை, வெள்ளை வெளேரென்று, சின்னச் சின்னக் கட்டிகளாக.

நான் பொரியை வீசினேன். மீன்கள் திரண்டு வந்தன, வாயைப் பிளந்தன. பொரியும் நுரையும் ஒரே வெள்ளை, ஒரே அளவு, ஒன்றாக மிதந்தன. முன்னால் இருந்த பெரிய மீன் நுரையைக் கவ்வியது, துப்பியது, மறுபடி கவ்வியது.